சேர்ந்து தும்மியவர்கள்

நகராட்சிக் கலையரங்கத்தில் ஒரு மழை மாலையில் நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் மறுநாள் காலையிலிருந்து ஒன்றாகத் தும்ம ஆரம்பித்தார்கள். ஒரே ஜலதோஷம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருவர் மூக்கில் தூசி போனால் போதும், அந்த நூற்றுச் சொச்சம் பேரும் வங்கியிலோ, முடிதிருத்தும் கடையிலோ, பேருந்துப் படிக்கட்டிலோ, இருந்த இடத்திலிருந்தே ஒரே நொடியில் தும்மினார்கள். முதலில் ஊர் இதைப் பருவநிலையின் மேல் போட்டது. பிறகு கடைத்தெருவின் இந்த ஓரத்தில் நடந்த ஒருவரும் அந்த ஓரத்தில் நடந்த இன்னொருவரும் காரணமே இல்லாமல் ஒரே சமயத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஏணியிலிருந்து வழுக்கி முழங்காலில் அடிபட்டபோது, மூன்று தெரு தள்ளி யாருக்கோ முகச்சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னச் சின்ன விஷயங்கள் பரவவில்லை. உடம்பை உலுக்குகிற தும்மல், சிரிப்பு, வலி, அழுகை இவை மட்டும் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் போயின. கொஞ்ச நாளில் இதுவும் பழகிவிட்டது, குழாயில் தண்ணீர் வராதது பழகிப்போன மாதிரி.

நாடகம் ஒன்றும் பிரமாதமில்லை. அந்தக் குழு வருடத்துக்கு ஒரு நாடகம் போடும், ஊர் வருடத்துக்கு ஒரு முறை அவர்களை மன்னிக்கும், அவ்வளவுதான். இயக்குநர் இரும்புக்கடைக்காரர். பகலெல்லாம் ஆணியும் கீலும் விற்பவர் என்பதால் மேடை வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். கதாநாயகர் வங்கியின் உதவி மேலாளர். கடன் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே குரல் கம்பீரமாகிவிட்டவர். பல வருடம் கழித்து வீடு திரும்பும் மகனாக அவர் கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும், வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் தாயிடம், "இந்த வீட்டுக் கதவு எனக்காக எப்போதும் திறந்தே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அம்மா!" என்று சொல்ல வேண்டும். தாயாக நடித்த தலைமையாசிரியை அவரைவிட வயதில் சிறியவர், அது ஊர் வழக்கமாக மன்னிக்கும் விஷயங்களில் சேர்ந்தது. அன்றைக்கு மழையில் அரங்கத்தின் கூரை ஒழுகி, கதவின் மலிவுப் பலகை ஊறி உப்பிவிட்டது. மகன் தள்ளினார். கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்து இடித்தார், துணிச்சுவர் நடுங்கியது, கடிகாரம் கீழே விழுந்தது. மகனின் வசனம் காதில் விழாமல் தாய் திரும்பக் கூடாது என்பது இயக்குநரின் கட்டளை, அதனால் அவர் கல்லாக நின்றார். பிறகு பக்கத்து ஜன்னல் மெதுவாகத் திறந்தது. அதன் வழியாக ஒரு கால் வந்தது. அந்தக் கால் தரையைத் தேடித் துழாவிய நேரம் முழுவதும் அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கால் தரையைத் தொட்டது, மீதி ஆள் வந்தார், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், ஒரு எழுத்துப் பிசகாமல் அந்த வசனத்தைச் சொன்னார். மழைச் சத்தமே கேட்காத அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். அத்தனை பேரும் ஒன்றாக அடக்கி ஒன்றாக விட்ட மூச்சில் எது யாருடையது என்று தெரியாமல் கலந்துபோயிருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். காற்றோட்டம் சரியில்லை என்று நகராட்சிப் பொறியாளர் சொன்னார்.

அன்று அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்பதை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் ஊர் அதைச் சீக்கிரமே மறந்துவிட்டது. பொதுச்சுவர் வழக்கில் ஆண்டுக்கணக்காக முகம் பாராமல் இருந்த அண்ணன் தம்பி இருவரும் தனித்தனி வரிசையில் அந்த நாடகத்தைப் பார்த்திருந்தார்கள். அண்ணனுக்கு வயிற்றுவலி வந்தபோது தம்பிதான் முதலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், தன் வலி தாங்காமல். வழக்கு வாபஸ் ஆயிற்று, நாடகம் பார்க்காத இரண்டு வக்கீல்களும் நாடகக் கலையைத் திட்டினார்கள். இப்படி நாலு காரியம் நடந்ததும் அந்தக் கூட்டத்துக்குத் தனி மவுசு வந்துவிட்டது. ஹோட்டலில் தும்முகிறவர்களுக்கு முதலில் மேஜை கொடுத்தார்கள். நேற்றுவரை கலையரங்கம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட "நானும் அன்னைக்கு இருந்தேனே, பின்னாடி வரிசையில" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கைக்குட்டை வியாபாரம் சூடு பிடித்தது. இப்படிப் பொய் சொன்னவர்களில் முக்கியமானவர் நகராட்சித் தலைவர். அவர் சிறப்பு விருந்தினராக வந்து, மேடை நாடகமே மக்களை இணைக்கும் பாலம் என்று நீண்ட நேரம் பேசிவிட்டு, திரை உயர்வதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டவர். எந்த நாடகத்துக்கும் அவர் அப்படித்தான் வருவார், அப்படித்தான் போவார். இப்போது கூட்டங்களில் யாராவது தும்மினால் அவரும் தும்மினார், ஆனால் ஒரு நொடி பிந்தித் தும்மினார். கடைசியில் நாடகமே பார்க்காத ஒரு குறும்புக்காரர் அடுத்த அறையில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுத் தும்ம, தலைவர் மட்டும் கூடவே தும்மியதில் குட்டு வெளிப்பட்டது. பத்திரிகைக்காரருக்கும் அதே கதி. அவர் நாடகத்துக்கு வராமலே, கதவு திறந்து மகன் நுழையும் காட்சி நெஞ்சை உருக்கியதாக விமர்சனம் எழுதியிருந்தார்.

மேடையில் இருந்தவர்களுக்கும் தும்மல் வரவில்லை. இது உதவி மேலாளருக்குத் தீராத வயிற்றெரிச்சல். "ஜன்னல்ல ஏறினது நான், முட்டி சிராய்ச்சது எனக்கு, தும்முறது மட்டும் இவங்களா?" என்று அவர் வங்கிக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். சினிமா கொட்டகைக்காரர் விடவில்லை, கதவு திறக்காத காட்சியைப் படமாகவே எடுத்து ஓட்டிப் பார்த்தார். முதல் காட்சியில் சிரித்தார்கள். இரண்டாம் காட்சியிலும் அதே இடத்தில் அதே கதவு திறக்கவில்லை. மூன்றாம் காட்சிக்குள் கதவு திறக்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் மூச்சை அடக்கவில்லை, ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் நாடகம் பார்த்தது அவருடைய மனைவியின் தயவில். அவள் தையல்காரி, குழுவின் உடைகளைத் தைப்பதும், நாடகம் நடக்கும்போது பின்னால் நின்று பிய்ந்துபோவதைச் சரிசெய்வதும் அவள் வேலை. அதற்குக் கூலி என்று குழு கொடுத்தது ஒரு ஓசிப் பாஸ், மூன்றாவது வரிசையில். அதில் கணவர் உட்காருவார். அவள் இத்தனை வருடத்தில் ஒரு நாடகத்தையும் முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. ராஜாக்களின் முதுகுதான் அவளுக்குத் தெரியும். அந்த முதுகில் எத்தனை ஊக்கு குத்தியிருக்கிறது என்று தெரியும். கதவு இறுகிய மாலையில்கூட அவள் பின்னால் ஒரு தலைப்பாகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு கேட்டது, எதற்கென்று தெரியவில்லை, என்னமோ என்று விட்டுவிட்டாள்.

மீட்டர்காரர் வீட்டில் சிரிக்கிற ஆளில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஊரில் உள்ள எல்லா மீட்டரையும் பார்த்துவிட்டு வந்து பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவர், அவ்வளவே. அவர் இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவென்று அவள் கேட்டால், "எனக்கும் தெரியல, யாரோ சிரிக்கிறாங்க" என்பார், சொல்லும்போதே மறுபடி சிரிப்பார். அவளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு இரண்டும் போய்ப் பயம் வந்தது. ஒரு நாள் அவர் பாதிச் சாப்பாட்டில் கண்கலங்கி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தக் கூட்டம் முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் அதே நேரத்தில் மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் கூடியது, அவருடைய தாயார் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார். தையல்காரி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்குப் பெரிய குடும்பம் ஒன்று கிடைத்துவிட்டது என்றும், அதில் தான் இல்லை என்றும் அவளுக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய அக்கா இறந்துபோனாள். வெளியூரிலிருந்து தொலைபேசி வந்தது மத்தியானத்தில். அவள் தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து, சாயங்காலம்வரை தனியாக அழுதாள். மூன்று வீடு தள்ளி ஒரு சந்தில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த கணவருக்கு அதில் ஒரு சொட்டுகூட எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து நாவிதருக்கு யாரோ நல்ல நகைச்சுவை ஒன்றைச் சொல்லித் தொலைத்திருந்தார்கள். மீட்டர்காரர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது, ஆனால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் அவமானத்தோடு, தோள் குலுங்க நின்றார். அவள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அவருக்கு அதிகம் வலித்தது, அந்த வலி நூற்றுச் சொச்சம் பேருக்கும் போனது. அது எங்கிருந்து வந்த வலி என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தையல்காரி இரும்புக்கடைக்குப் போனாள். "அந்த நாடகத்தை மறுபடி போடுங்க. நான் முன்னாடி உக்காந்து பாக்கணும்" என்றாள். இரும்புக்கடைக்காரர் இதற்காகவே காத்திருந்த மாதிரி குதித்தார். விஷயம் நகராட்சித் தலைவர் காதுக்குப் போனது, தும்மலில் மூக்குடைபட்ட அவர் உடனே ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார். கதவு எதிர்பாராமல் இறுகியதால்தான் இத்தனையும் நடந்தது என்று சினிமா கொட்டகை அனுபவம் காட்டியிருந்தும், அந்தத் தவறை ஒழுங்காக, தவறில்லாமல் மறுபடி செய்வது எப்படி என்று குழு மாதக்கணக்கில் விவாதித்தது. மழைக்குத் தீயணைப்பு வண்டியை ஏற்பாடு செய்தார்கள். கீழே விழ வேண்டிய கடிகாரத்துக்கு ஒரு ஒத்திகைக் கடிகாரம் வாங்கினார்கள். ஈரப் பலகையை நம்ப முடியாது என்று சொல்லி, இரும்புக்கடைக்காரர் தன் கடையிலேயே பெரிய ஆணிகளாகப் பொறுக்கியெடுத்து, கதவை நிலையோடும் நிலையைச் சுவரோடும் சேர்த்து அறைந்தார். "இனி யானை வந்தாலும் திறக்காது" என்றார், அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. உதவி மேலாளர் மாலை தவறாமல் ஜன்னல் ஏறிப் பழகினார். இந்த முறை தனக்கும் தும்மல் வர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மேலே நின்று காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார்.

நாடக மாலையில் ஊரே வந்தது. பழைய கூட்டம் முன்வரிசை தங்களுக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டது. வக்கீல்களும் பத்திரிகைக்காரரும் வந்தார்கள். நகராட்சித் தலைவர் பேசி முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரி மூன்றாவது வரிசையில், கணவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்வேலையை எல்லாம் முன்கூட்டியே முடித்து, ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். திரை உயர்ந்தது. தலைமையாசிரியையின் முகம் எப்படி இருக்கும் என்று மேடை வெளிச்சத்தில் அவள் பார்த்தது அன்றைக்குத்தான். நடக்கிற ஒன்றை இத்தனை பேரோடு சேர்ந்து பார்ப்பது இவ்வளவு சுகமானதா என்று நினைத்தாள், இத்தனை வருடம் இதைக் கணவருக்கு மட்டும் கொடுத்துவிட்டோமே என்றும் நினைத்தாள். அப்போது பக்கவாட்டில் இருட்டிலிருந்து ஒரு கை அவளைக் கூப்பிட்டது. ஜன்னல் ஏறி ஏறிப் பழகியதில் உதவி மேலாளரின் கால்சட்டை பின்பக்கம் கிழிந்துவிட்டது.

மீட்டர்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதுக்குப் பிறகு அவர் அப்படிப் பிடித்ததில்லை. "போகாத. கிழிஞ்சா கிழியட்டும்" என்றார்.

"அதோட அந்த மனுஷன் ஜன்னல்ல ஏறுனா நாடகம் என்னத்துக்கு ஆகும்? யார் தைப்பா?" என்றாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, எல்லோருடைய முழங்காலையும் தாண்டிப் போனாள்.

அவள் மேடைக்குப் பின்னால் மண்டியிட்டுத் தைக்க ஆரம்பித்தபோது மகன் வரவேண்டிய கட்டம் நெருங்கிவிட்டது. பாதி தைத்திருந்தாள். உதவி மேலாளருக்குப் பொறுமை இல்லை, தும்மல் கண்ணுக்கெதிரே நின்றது. ஊசி பின்னால் இருக்கும்போதே முன்னால் ஓரடி வைத்துக் கதவைத் தள்ளினார். திட்டப்படி கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்து, ஒத்திகையில் இல்லாத ஆவேசத்தோடு இடித்தார். முன்பு கதவு தனி, சுவர் தனி. இப்போது இரண்டும் ஆணியால் ஒன்றாகியிருந்தன. எனவே கதவு போன வழியில் சுவரும் போனது. கடிகாரம், ஜன்னல், வீட்டின் மொத்த முகப்பும் ஒரே துண்டாகச் சாய்ந்து, காலியாக இருந்த மேஜையின் மேல் படுத்தது. தாய் மட்டும் அப்போதும் திரும்பவில்லை.

சுவர் இருந்த இடத்தில், முழு வெளிச்சத்தில், கையை நீட்டியபடி உதவி மேலாளர் நின்றார். அவருக்குப் பின்னால் மண்டியிட்டுத் தையல்காரி இருந்தாள். அவருடைய கால்சட்டைக்கும் அவள் ஊசிக்கும் நடுவே வெள்ளை நூல் ஒன்று விறைப்பாக நின்றது, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி. அவர் ஓடப் பார்த்தார்.

"அசையாதீங்க, ஊசி குத்திடும்" என்றாள்.

அவர் அசையவில்லை. அரங்கத்திலும் ஒருவர் அசையவில்லை. இரும்புக்கடைக்காரர் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை, தலைவர் நீட்டிய காலை மடக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் தையல் நிற்காது. மிச்சத்தைத் தைத்தாள், முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள். ஊர் முழுவதும் ஒரு பழுப்பு நிறக் கால்சட்டையின் கிழிசல் மூடுவதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பிறகு அவள் குனிந்து நூலைப் பல்லால் அறுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு எதிரே இருந்தது தெரிந்தது. எத்தனையோ வருடமாகச் சிரிப்பாகவும் கைதட்டலாகவும் மட்டும் அவள் கேட்டிருந்தது இப்போது முகங்களாக இருந்தது. எல்லா முகமும் அவளைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அவள் புருஷன் பாதி எழுந்து நின்றார். அவளும் மூச்சு விட மறந்திருந்தாள்.

"ம், இப்ப போங்க" என்றாள்.

உதவி மேலாளர் விழுந்த சுவரின் மேல் நடந்து வந்து, வேறெதுவும் தோன்றாமல், இந்த வீட்டுக் கதவு எனக்காக எப்போதும் திறந்தே இருக்கும் என்று தெரியும் அம்மா என்றார். தலைமையாசிரியை திரும்பினார், சுவரே இல்லாத வீட்டைப் பார்த்தார், நிஜமாகவே அழுதார். சிரிப்பு கூரையைத் தூக்கியது. அதற்குள் சாய்ந்த சுவரிலிருந்து கிளம்பிய தூசி மேடையைத் தாண்டி வரிசை வரிசையாகப் போய், அடக்கிய மூச்சையெல்லாம் விட்டு இழுத்த அத்தனை மூக்கிலும் ஏறியது. ஊர் ஒரே தும்மலாகத் தும்மியது. வெளியே மழை பெய்வித்துக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டிக்காரர்கள் மட்டும் எதற்கென்று தெரியாமல் நின்றார்கள், பாவம், அவர்கள் இன்றுவரை தனியாகத்தான் தும்முகிறார்கள்.

பிற்பாடு இதிலும் பேச்சு வந்தது. பழைய கூட்டத்துக்காரர்கள் தங்கள் தும்மல்தான் அசல் என்றும், கதவுத் தும்மலில் இருந்த நயம் சுவர்த் தும்மலில் இல்லை என்றும் ஒரு சங்கம் வைத்துப் பேசினார்கள். ஊரே உள்ளே வந்துவிட்டதால் ஹோட்டல்காரர் யாருக்கு முதலில் மேஜை கொடுப்பது என்று தெரியாமல் பழையபடி வரிசையில் நிற்கச் சொன்னார். தன் ஆணிகள் நன்றாகவே வேலை செய்தன என்று இரும்புக்கடைக்காரர் இன்றும் சாதிக்கிறார்.

இந்தப் பேச்சு எல்லாம் கிளம்புவதற்கு முன்னால், நாடகத்துக்கு மறுநாள் காலை, மீட்டர்காரர் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது "ஆ" என்று இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். அவளும் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அவரும் பிடித்துக்கொண்டார்.

"யாரோட பல்லு இது?" என்றாள், வாய் கோணலாக.

அவர் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார், இதில் அவருக்கு அனுபவம் அதிகம். "இந்த மாதிரி வலி இதுவரைக்கும் வந்ததே இல்ல. தலைவரோடதுதான். அந்த ஆளு டாக்டர்கிட்ட போகவே பயப்படுவாரு" என்றார்.

ஊர் திரண்டு போய்த் தலைவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பல் டாக்டரிடம் கொண்டுபோனது அன்று மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை பொறுத்துக்கொண்டாக வேண்டும். மீட்டர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் கண்ணிலிருந்தும் வழிந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே" என்றாள் அவள்.